ரோடு இல்லை என்று வரைந்த டாக்டர்

போன வாரம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல மேப்புகிட்ட ஏதாவது கேக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"வரைவோம்" என்றேன்.

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே வரைந்துதான் கேட்டோம். அதைப் பற்றி எழுதித் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். தொழில்நுட்பத்தை எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். ஆகவே அதை விட்டுவிட்டு, ஒரு மழைநாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்தது. கும்பகோணத்திலிருந்து குடும்பத்தோடு டவுன்ஷிப்புக்கு வந்து சேர்ந்தோம். எனக்குச் செங்கல்பட்டில் வேலை அமைந்தது. தினமும் திருக்கழுக்குன்றம் வழியாக பஸ். ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் சின்ன அலுவலகம். மத்தியான வேளையில் ரப்பர் வாசனை இல்லாமல் நாங்கள் சாப்பிட்டதே கிடையாது. சுற்றுவட்டார ஊர்கள், ஏரிகள், சாலைகள், பள்ளிக்கூடங்கள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அரசு அலுவலகங்கள் கேட்கும்போது தகவல் எடுத்துக் கொடுப்பது எங்கள் வேலை.

ஏற்றுவது பெரிய கஷ்டமாக இல்லை. எடுப்பதுதான் கஷ்டம். "ஏரிக்குப் பக்கத்துல இருக்கற ஊருங்க எது எது?" என்று ஒரு பொறியாளர் வாயால் கேட்பார். அதை நாங்கள் கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளையாக மாற்றித் தட்ட வேண்டும். மறுநாள் பதிலைக் கொடுத்தால், "நான் கேட்டது இது இல்லையேம்மா" என்பார். நடுவில் நாங்கள் மொழிபெயர்ப்பாளர்களாக நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தோம்.

எங்கள் மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. கேட்பவரே கேள்வியைப் படமாக வரைந்துவிட்டால் என்ன? ஸ்கிரீனின் ஓரத்தில் சில குறிகள் இருக்கும். முட்டை வடிவம் போட்டால் ஊர். கோடு இழுத்தால் சாலை. நீலத் திட்டு என்றால் தண்ணீர். முட்டையை நீலத் திட்டுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால், தண்ணீருக்குப் பக்கத்தில் உள்ள எல்லா ஊர்களும் மேப்பில் மஞ்சளாக எரியும். அதைப் 'படக் கேள்வி' என்று அழைத்தோம். முதல் தடவை அது வேலை செய்த அன்று, அந்தப் பொறியாளர் மவுஸை விடவே மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். ஏரி, ஊர், ஏரி, ஊர் என்று மாற்றி மாற்றி வைத்து விளையாடினார். நாங்கள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தபோதும் விளையாடிக்கொண்டிருந்தார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது 'இல்லை' வந்து குறுக்கே நின்றது.

இருப்பதை வரையலாம். இல்லாததை எப்படி வரைவது? பள்ளிக்கூடம் இல்லாத ஊர் வேண்டும் என்றால் என்ன செய்வது? பள்ளிக்கூடத்தை வரையாமல் விட்டால், பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். சரி, பெருக்கல் குறி போடலாம் என்று முடிவு செய்தோம். எது இல்லையோ அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. வெளியாட்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஒரு நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "இங்க ஆஸ்பத்திரி இருக்கா?" என்றார். ஒரு வாத்தியார், "இது தப்பான பதில்னு போட்டிருக்கீங்களா?" என்றார். பஸ் டிரைவர் ஒருவர் ரயில்வே கேட் என்று சாதித்தார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது வரையும்போது ஸ்கிரீனைப் பார்க்கமாட்டார். வரைபவரின் கையைப் பார்ப்பார். கை எங்கே தயங்குகிறது என்று பார்ப்பார்.

"படம் எல்லாருக்கும் புரியும்னு நினைச்சு ஆரம்பிச்சோம்" என்றார் அன்று. "எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு புரியுது. அதுதான் பிரச்சினை."

ஆனாலும் வேறு நல்ல குறி கிடைக்கவில்லை. பெருக்கல் குறியையே வைத்துக்கொண்டு, அதற்கு அர்த்தம் என்ன என்று வகுப்பு எடுத்தோம். அந்த வகுப்புக்கு வந்தவர்களில் ஒருவர்தான் தலைப்பில் நான் சொன்ன டாக்டர். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். நம் வட்டாரத்தின் மருத்துவக் குழுக்களுக்கு அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். எதையும் ஒருமுறைதான் கேட்பார். அதற்குள் கை வேலையை ஆரம்பித்துவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு கார்த்திகை மாதம். மழை விடவே இல்லை. ஏரிகள் நிறைந்து, உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்து, சாலைகள் ஆங்காங்கே மூழ்கின. நிவாரண வேலைக்கு ஒரு கட்டுப்பாட்டு அறை வேண்டும் என்றார்கள். மேட்டில் இருந்த கட்டடம் ஒரு கல்யாண மண்டபம்தான். அதன் சாப்பாட்டுக் கூடத்தைக் கேட்டு வாங்கினார்கள். மாடியில் ஒரு கல்யாணம் ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. மழைக்காக முகூர்த்தத்தை மாற்றமுடியாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஆகவே மேலே நாதஸ்வரம், கீழே நாங்கள். கம்ப்யூட்டர்களைத் தார்ப்பாயில் சுற்றி ஜீப்பில் கொண்டுவந்து பந்தி மேசைமேல் வைத்தோம். கரண்ட் இல்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர்தான் எங்களுக்கும். மேலே கிரைண்டர் போட்டால் கீழே ஸ்கிரீன் சுருங்கும். அவர்களே எங்களுக்குக் காபியும் கேசரியும் கொடுத்தனுப்பினார்கள்.

என்னோடு சேகர் இருந்தான். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். மேப் வரைவதில் வேகமான கை. எந்தச் சாலையில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று போனிலும் வயர்லெஸ்ஸிலும் செய்தி வர வர, அவன் மேப்பில் நீலத் திட்டுகளை வரைந்துகொண்டே இருந்தான்.

காலை எட்டு மணி வாக்கில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீனவர்கள் படகுகளோடு வந்து சேர்ந்தார்கள். லாரிக்கு ஒரு படகு. அவர்களுக்குத் தலைவர்போல ஏழுமலை என்பவர். லாரிகளை வாசலில் நிறுத்திவிட்டு, ஈரக் கைலியோடு உள்ளே வந்தார்.

"இன்னா மேடம், எங்க போணும்? சீக்கிரமா சொல்லிடுங்க. லாரிலேர்ந்து ஒரு தடவ போட்ட எறக்கிட்டா திரும்ப ஏத்தறது பெரிய பேஜாரு."

டாக்டர் நேராக என் நாற்காலிக்கு வந்தார். "நானே வரையுதேன் மேடம்" என்று மவுஸை வாங்கிக்கொண்டார். ஒரு முட்டை. அதைத் தொடும்படி ஒரு கோடு. கோட்டின்மேல் ஒரு பெருக்கல் குறி. கை எங்கும் தயங்கவில்லை. பொத்தானை அமுக்கினார்.

மேப்பில் இரண்டே இரண்டு ஊர்கள் மஞ்சளாக எரிந்தன. இரண்டும் கடலோரத்தில், கால்வாய்க்கு அப்பால்.

கூடத்தில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். பொறுப்பிலிருந்த அதிகாரி விடிந்ததிலிருந்து உட்காரவே இல்லை. அவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு. "ரெண்டுதானா? அப்பாடா! எல்லா லாரியும் கடலோரம் போகட்டும்."

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "வந்த வழியே திரும்பிப் போவ சொல்றீங்க."

நான் மட்டும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். காரணம் கேட்டால் அப்போது சொல்லியிருக்கமுடியாது. காலையிலிருந்து சேகர் நீலம் பூசிக்கொண்டே இருக்கிறான்; மேற்கே, வேடந்தாங்கல் பக்கமெல்லாம் மேப்பே நீலமாகிவிட்டது. மஞ்சள் எரிவது கிழக்கே. பதில் எல்லோருக்கும் பிடித்த மாதிரி இருந்தது. அதுதான் என்னை உறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது. கெட்ட செய்தி வந்திருந்தால் யாராவது ஒருவர், "சரியாப் பாருங்க" என்று கேட்டிருப்பார். நல்ல செய்தியை யாரும் இரண்டாம் தடவை கேட்பதில்லை.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"எதுக்கும்மா? கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே."

"அதான் சார், அது எதச் சொல்லிச்சுன்னு பாத்துடறேன்."

அவர் முகம் மாறியது. வாசலில் லாரிகள் எஞ்சினை நிறுத்தாமல் உறுமிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் நான் படக் கேள்வியின் உள்ளே போய் எங்கே என்ன ஆனது என்று தேடியிருந்தால் அரை நாள் போயிருக்கும். தேடவில்லை. டாக்டரைக் கேட்டேன்.

"டாக்டர், படகு இல்லாம போகவே முடியாதுன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்ச ஊர் ஒண்ணு சொல்லுங்க."

"நத்தமேடு" என்றார் உடனே. "நேத்து என் ஜீப்பே பாதியில திரும்பிட்டு. அங்க ஒரு பொண்ணு நிறைமாசமா இருக்கா."

"பாருங்க, அது எரியுதா?"

டாக்டர் குனிந்து ஸ்கிரீனைப் பார்த்தார். நத்தமேடு மேற்கே, நீலத்தின் நடுவில், வெறுமையாகக் கிடந்தது.

"அதெப்படி? நான் ரோடு இல்லன்னு போட்டேனே!"

"ரோடு இல்லன்னா?"

"இல்லன்னா இல்லதான மேடம்! வெள்ளம் அடிச்சுட்டுப் போயிட்டு. ரோடு இல்ல!"

சேகர்தான் முதலில் பிடித்தான். தலையில் கையை வைத்துக்கொண்டான். "ஐயோ மேடம். நத்தமேட்டுக்கு நம்ம மேப்புல ரோடு கீது. தண்ணிக்கு அடியில கீது, ஆனா கீது. இது இன்னாடான்னா, பொறந்ததுலேர்ந்து ரோடே பாக்காத ஊர தேடிகினு கீது!"

பாருங்கள், குறியில் மட்டும் குழப்பம் இருந்திருந்தால் பரவாயில்லை. வாயால் கேட்டிருந்தாலும் இதே கதிதான். 'ரோடு இல்லை' என்று தமிழில் சொன்னால் இரண்டும்தான் அர்த்தம். எப்போதும் இல்லாததும் 'இல்லை'தான். இருந்து போனதும் 'இல்லை'தான். டாக்டர் வரைந்ததில் தவறே கிடையாது. கம்ப்யூட்டரும் கேட்டதைத்தான் கொடுத்தது.

அப்போது ஏழுமலை எட்டிப் பார்த்தார். மஞ்சளாக எரிந்த இரண்டு ஊர்களின் பேரையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டதும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இந்த ரெண்டு குப்பத்துக்குமா போட்டு? மேடம், அவங்க வூட்டு வாசல்லயே ஆளாளுக்கு ஒரு போட்டு கட்டி வெச்சிகினு கீறாங்க. இப்ப நான் எட்டாந்தேனே, அதுல ஒண்ணு அவங்க குடுத்ததுதான்!"

சாலையே இல்லாத ஊர்க்காரர்கள் பின்னே எதில் போவார்கள்? அந்த வட்டாரத்திலேயே படகு தேவைப்படாத இரண்டு ஊர்களைத் தேடிப் பிடித்து, இருந்த படகை எல்லாம் அங்கே அனுப்பப் பார்த்திருக்கிறோம். கூடமே சிரித்தது. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

படத்தை மாற்றி வரைந்தோம். முட்டை, அதைத் தொடும் கோடு, கோட்டின்மேல் நீலத் திட்டு. சாலைமேல் தண்ணீர் நிற்கும் ஊர். பொத்தானை அமுக்கினால், மேப்பில் பாதி மஞ்சளாகிவிட்டது.

"மொதல்ல ரெண்டுன்னீங்க. இப்ப தாலுகாவே எரியுது" என்றார் அதிகாரி. அவர் குரலில் சிரிப்பு போய்விட்டது.

எனக்கு இந்த முறை காரணம் தெரிந்தது. ஒரு ஊருக்கு மூன்று சாலை இருந்து, ஒன்றில் மட்டும் தண்ணீர் நின்றாலும் அது எரியும். எங்களுக்கு வேண்டியது எல்லாச் சாலையும் மூழ்கிய ஊர். 'எல்லாம்' என்பதற்கு எங்களிடம் குறி கிடையாது. அதை நாங்கள் யோசித்ததே இல்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்கவேண்டும். எனக்கு முன்னால் இரண்டு ஆசை இருந்தது. ஒன்று, உட்கார்ந்து 'எல்லாம்' என்பதற்கு வழி கண்டுபிடிப்பது. அது என் தொழில், கை பரபரத்தது. இன்னொன்று, கம்ப்யூட்டரை மூடிவிட்டு, "நீங்களே பாத்துக்கோங்க சார்" என்று ஒதுங்குவது. மேலாளர் அன்று பக்கத்தில் இல்லை. அவர் இருந்தால் என்ன செய்வார் என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அதையும் விட்டுவிட்டேன். லாரிகள் என் மேலாளருக்காகக் காத்திருக்கவில்லை.

"சார், நத்தமேடு நிச்சயம். ஒரு லாரி இப்பவே அங்க போகட்டும். மத்தது கொஞ்சம் நிக்கட்டும். பாதி மேப்ப நாங்க கண்ணால சலிச்சுத் தர்றோம்."

அவர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஏற்கெனவே வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார். "ஏழுமலை அண்ணே, நத்தமேடு! என் நர்ஸ் உங்ககூட வருவா. அந்தப் பொண்ணை உக்காரவெச்சே கூட்டிட்டு வரணும்."

"நம்ம தங்கச்சி மாரி இட்டாரேன் டாக்டரம்மா" என்று லாரியில் தொற்றிக்கொண்டார் அவர்.

நாங்கள் உட்கார்ந்தோம். சேகர் மஞ்சள் ஊர் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிக் காட்டுவான். அந்த ஊரின் சாலைகளை நான் விரலால் தொடர்வேன். ஒரு சாலையாவது நீலம் படாமல் வெளியே வந்தால், "இது வேணாம்" என்பேன். வராவிட்டால் டாக்டர் அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வார்: சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர், காய்ச்சல்காரக் குழந்தை, கால் முறிந்து படுத்திருப்பவர். எது அதிக அவசரமோ அந்த வரிசையில் லாரிகள் கிளம்பின. மேலே மாங்கல்ய தாரணத்துக்குக் கெட்டிமேளம் கொட்டியபோது கடைசி லாரி புறப்பட்டது. ஸ்கிரீன் ஒருமுறை இருண்டு வெளிச்சமானது. சேகர் ஸ்கிரீனைப் பார்த்தபடியே ஒரு கையால் அட்சதை போடுவதுபோல் மேலே வீசினான்.

இனி அந்த நிறைமாதப் பெண். படகிலேயே குழந்தை பிறந்தது என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். பிறக்கவில்லை. அவள் நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள், ஒரு கூடையில் கோழியோடு. கோழியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நத்தமேட்டில் நர்ஸோடு சண்டை போட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மழை நின்று வெயில் அடித்த பிறகு சாவகாசமாகப் பெண் குழந்தை பெற்றாள்.

தண்ணீர் வடிந்ததும் அலுவலகத்தில் கூடிப் பேசினோம். மேலாளர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரிந்த ஊர் எரிகிறதா என்று டாக்டரிடம் நான் கேட்ட கேள்வியை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "அதைப் பொத்தானாப் போடுங்க" என்றார். அன்றிலிருந்து எங்கள் படக் கேள்வி பதில் கொடுத்ததும், விட்டுப்போன ஊர்களையும் வெளிறிய நிறத்தில் காட்டி, 'இவற்றில் ஏதாவது பதிலில் வந்திருக்க வேண்டுமா?' என்று தமிழில் கேட்கும். பலருக்கு அது தொந்தரவாக இருந்தது. நீங்கள் எதை உருவாக்கினாலும் அந்தத் தொந்தரவையும் அதில் சேர்த்துவிடுங்கள். பதிலில் இருப்பதை எல்லோரும் சரிபார்ப்பார்கள். இல்லாததை யாராவது கேட்டால்தான் உண்டு.

அதே கூட்டத்தில் வேறொரு பேச்சும் எழுந்தது. பெருக்கல் குறியே வேண்டாம், 'இல்லை'யையே எடுத்துவிடலாம் என்றார்கள் பாதிப் பேர். ஆபத்தான குறி, இருப்பதை மட்டும் கேட்கட்டும். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. இந்தச் செய்தி எப்படியோ டாக்டர் காதுக்குப் போய், மறுநாள் டயர் கடை மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தார்.

"எடுக்கப் போறீங்களாமே?"

"அதனால எவ்வளவு குழப்பம் ஆச்சுன்னு நீங்களே பாத்தீங்களே டாக்டர்" என்றேன்.

"குழப்பம் ஆகட்டும். மேடம், இருக்கறத எண்ணித் தர ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. என் வேலையே இல்லாததத் தேடறதுதான். கக்கூஸ் இல்லாத வீடு, நர்ஸ் இல்லாத ஊரு, ஊசி போடாத பிள்ளை. 'இல்ல'ய எடுத்துட்டா எனக்கு இந்த மேப்பு எதுக்கு?"

மேலாளர் எழுந்து, அவருக்கு நாற்காலி போட்டார். நான் வேலை பார்த்த வருஷங்களில் அவர் தன் கையால் யாருக்காவது நாற்காலி போட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

'இல்லை' தங்கியது. இரண்டாகப் பிரிந்தது: எப்போதும் இல்லாததற்கு ஒரு குறி, இருந்து போனதற்கு ஒரு குறி. இரண்டையும் டாக்டரை வைத்தே வரைந்து வரைந்து பார்த்து முடிவு செய்தோம். 'எல்லாம்' என்பதற்கும் சேகர் ஒரு குறி கொண்டுவந்தான்; அதைப் பற்றிக் கேட்டால் அவனே மணிக்கணக்கில் பேசுவான், அவனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் குறியை வைத்து டாக்டர் கேட்ட முதல் கேள்வி, நடந்து போகும் தூரத்தில் துணை சுகாதார நிலையம் இல்லாத ஊர்கள். பதிலைப் பெரிய தாளில் அச்சிட்டுக் கேட்டார். ஊர் இருக்கும் இடத்தில் ஒரு வெற்று வட்டம், அவ்வளவுதான். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஒரு பெரிய கூட்டத்துக்குப் போனார். மேப்பைப் பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் சொல்ல என்னையும் கூட்டிப்போனார். எல்லாத் துறையினரும் தாங்கள் கட்டிய கட்டடங்களையும் போட்ட சாலைகளையும் பல வண்ண மேப்புகளாக மாட்டியிருந்தார்கள். இவர் தன் தாளை விரித்து மாட்டினார்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னம்மா இது? வட்டம் வட்டமா இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"அதத்தான் சார் காட்ட வந்திருக்கேன்" என்றார் டாக்டர்.